இரண்டு நோட்டுகள்: ஒரு பாசிக் கிராமத்தில் மாணவர் அமைப்பு வேலை

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே, தென்கடல் ஓரத்தில் இருக்கிற ஒரு ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று அந்த ஊர்ப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. 2013 ஜூனிலிருந்து 2014 முடியும் வரை அங்கே மாணவர்கள் ஏழு பேர் அமைப்பு வேலை செய்தோம். ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். நானும் அதில் ஒருவன். எல்லோருக்கும் இருபது, இருபத்தொரு வயது.

அந்த 18 மாதத்தில் இரண்டு நோட்டுகள் இருந்தன. முதல் நோட்டு எங்களுடையது. ஊருக்குத் தெரியாமல் எழுதியது. இரண்டாவது நோட்டு ஊருடையது. ஊர் சொல்லச் சொல்ல எழுதியது. முதல் நோட்டு எங்கள் வேலையை அடியோடு கெடுத்தது. இரண்டாவது நோட்டில் இன்றைக்கும் ஆள் மாற்றி ஆள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மாணவர் அமைப்புகளில் இப்போது இருக்கிற தம்பி தங்கைகள் படித்துப் பார்க்க வேண்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எதற்குப் போனோம்

2013 மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் ஈழப் படுகொலைக்கு நீதி கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சில நாட்களில் அது தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் கடைசிப் படம் எல்லார் கையிலும் இருந்தது. நாங்களும் அந்த மார்ச்சில் தெருவில்தான் இருந்தோம். அப்புறம் அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. விடுதி காலியானது. மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தபோது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளாக வந்தார்கள். மாணவர் கிளம்பினால் கல்லூரியை மூடுவது 1965 மொழிப்போர் காலத்திலேயே பார்த்த வழிதான்.

எங்கள் அமைப்பு சிறியது, இடதுசாரி அமைப்பு, இப்போது இல்லை. அதில் இருந்த மூத்தவர்கள் இதை இப்படிச் சொன்னார்கள்: வேர் கல்லூரிக்குள் மட்டும் இருந்தால் கேட்டைப் பூட்டினதும் செடி காய்ந்துவிடும், உழைக்கிற மக்களிடம் போய் வேர் விட வேண்டும். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. போனது சரி. போன விதம்தான் தவறு.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எங்களோடு இருந்த ஒரு தோழியின் அம்மாச்சி பக்கத்து ஊர். அவர் மூலம் கடலில் பாசி எடுக்கிற பெண்களைப் பற்றித் தெரியும். உழைப்பு கடுமை, கூலி குறைவு, சங்கம் கிடையாது. புத்தகத்தில் படித்த மாதிரியே ஒரு களம் என்று நினைத்தோம்.

அந்த உழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி நீர் வற்றுகிற நாட்களில், இருட்டோடு எழுந்து வத்தையில் ஏறி தீவுப் பக்கம் போவார்கள். முகத்தில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய பழந்துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டிக்கிடக்கிற பாசியைப் பிடுங்கி வருவார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒரு பருவம். துணி சுற்றியும் விரல் கிழியும். கிழிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். கரையில் காய வைத்த பாசியை வியாபாரி வாங்கிப் போவார். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகர் என்ற கூழ்ப்பொருள் ஆகிறது. ஐஸ்கிரீம் கெட்டியாக இருப்பதற்கும், ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கும் அதுதான்.

1986ல் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை இருக்கிற 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதோடு தீவில் கால் வைப்பது குற்றமாகிவிட்டது. பாட்டி காலத்திலிருந்து போய் வந்த முயல் தீவும் மனோலியும் தடை செய்யப்பட்ட இடங்கள் ஆயின. இத்தனைக்கும், மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று இந்தக் கரைப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பாசி திரும்ப முளைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை.

எங்களுக்குச் சொல்லித்தந்த வேலைமுறை

மூத்தவர்கள் கொடுத்த வழிகாட்டல் தெளிவாக இருந்தது. அரசியலைச் சொல்லிக்கொண்டு நுழையக் கூடாது. சந்தேகம் வராத ஒரு வேலையோடு போக வேண்டும். முதலில் நம்பிக்கை, அப்புறம் அரசியல். பழகுகிறவர்களை முன்னேறியவர், நடுநிலை, பின்தங்கியவர் என்று மூன்றாகப் பிரித்து எழுதி வர வேண்டும். முன்னேறியவர்களைப் படிப்பு வட்டத்துக்குக் கொண்டு வந்து, அவர்களை வைத்து நடுநிலையை இழுத்து, பின்தங்கியவர்களைத் தனிமைப்படுத்தி, கடைசியில் கிளை கட்ட வேண்டும். இந்த மாதிரி வேலைமுறை பல நாடுகளில், பல மாணவர் இயக்கங்களில் இருந்திருக்கிறது.

சந்தேகம் வராத வேலையாக நாங்கள் எடுத்துக்கொண்டது டியூஷன். வலை வைக்கிற ஓலைக் கொட்டகை ஒன்றை ஊரில் கொடுத்தார்கள். மின்வெட்டு கடுமையாக இருந்த காலம் அது. சார்ஜ் லைட் வெளிச்சத்தில் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிப்போம். முதல் வாரம் எட்டுப் பிள்ளைகள், இரண்டாவது மாதம் முப்பதுக்கு மேல். கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தோம். மனதார உழைத்தோம் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அந்த வருடம் கணக்கில் தேறாத பிள்ளைகள் தேறினார்கள்.

அந்தப் பக்கம் அரசியல் வேலை நகரவே இல்லை. அமைப்பின் பெயரைச் சொல்லாமல் பறை அடித்து வீதி நாடகம் போட்டோம். குடிக்கிற கணவனைக் காட்டுகிற காட்சி வந்ததும் ஆண்கள் எழுந்து போய்விட்டார்கள், மறுநாள் அந்த வீடுகளில் பெண்கள் பேச்சு வாங்கினார்கள். சுவரொட்டி ஒட்டினோம். துண்டறிக்கை கொடுத்தோம். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எங்கள் துண்டறிக்கையை அவள் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏகாதிபத்தியம், தரகு முதலாளித்துவம், அரைநிலப்பிரபுத்துவம் எல்லாம் தடங்கலில்லாமல் வாசித்தாள். முழுவதும் கேட்டுவிட்டு அப்பத்தா கேட்டார்: "நல்லாத்தேன் வாசிக்கிற ஆத்தா. இதுல நம்ம பாசி எங்கிட்டு வருது?" பாசி வரவில்லை. இரண்டு பக்கமும் அச்சடித்த தாளில் பாசி என்ற சொல்லே இல்லை.

இதில் வருத்தமான விஷயம், எங்களை எச்சரிக்கிற வரலாறு எங்கள் படிப்பு வட்டத்திலேயே இருந்தது. 1874 கோடையில் ருஷ்யாவில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் குடியானவர் உடுப்பை மாட்டிக்கொண்டு, தச்சு வேலையும் செருப்பு வேலையும் கொஞ்சம் பழகிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். உண்மையான அக்கறையோடுதான் போனார்கள். குடியானவர்கள் நம்பவில்லை. சில இடங்களில் அவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். கடைசியில் 193 பேர் மீது பெரிய வழக்கு நடந்தது. இதைப் படித்துவிட்டு ருஷ்யக் குடியானவர்களுக்கு அரசியல் உணர்வு போதவில்லை என்று பேசிக்கொண்டோம். மாற்று உடுப்பில் வந்தவனை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி எங்களில் ஒருவருக்கும் எழவில்லை. நாங்களும் டியூஷன் என்ற உடுப்பில்தான் இருந்தோம்.

நம்மிடமே வேறு வழி இருந்தது. பி. சீனிவாசராவ் கன்னட நாட்டில் பிறந்தவர், விடுதலைப் போராட்டத்துக்காகப் படிப்பை விட்டவர். 1940களில் கீழத்தஞ்சைக்கு வந்தார். தமிழே பிறகு கற்றுக்கொண்ட மொழிதான். விவசாயிகள் சங்கத்து ஆள் என்று சொல்லிக்கொண்டேதான் சேரிகளுக்குள் போனார், அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே படுத்தார். பண்ணையாட்களுக்கு மிராசுதார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்ததில் அந்தச் சங்கத்தின் பங்கைத் தஞ்சை மண்ணில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மிராசுதார்களும் போலீசும் கடுமையாக இருந்த காலத்திலேயே சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு போக முடிந்தது. எங்களுக்கு எதற்கு மறைப்பு? இந்தக் கேள்விக்கு மூத்தவர்களிடமிருந்து எனக்கு ஒழுங்கான பதில் கடைசி வரை கிடைக்கவில்லை.

பிடிபட்ட நோட்டு

ஐந்தாவது மாதம் சாதாரண உடையில் இரண்டு பேர் ஊர்த் தலைவரைப் பார்த்து, எங்களைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். தலைவர் எங்களைக் கூப்பிட்டு நேராகக் கேட்டார்: "நீங்க ஏதும் கட்சியா தம்பி?" நான்தான் பதில் சொன்னேன். "இல்லைங்கய்யா, டியூஷன் மட்டும்தான்." சொல்லி முடித்தபோதே தொண்டை அடைத்தது. ஆனாலும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, துண்டறிக்கை வாசித்த அதே பிள்ளை கணக்கு நோட்டு என்று நினைத்து எங்கள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவிட்டாள். வீடு வீடாக நாங்கள் எழுதி வைத்த நோட்டு. அவள் அம்மாவின் பெயருக்கு நேரே இப்படி இருந்தது: "பின்தங்கியவர். மகளிர் குழுவில் இருப்பதால் கடன் சிந்தனை. பயன்பட மாட்டார்." இன்னொரு வீட்டுக்கு நேரே: "கணவர் குடி. தனியாகப் பேசினால் வருவார்." அது என் கையெழுத்து.

இந்த இரண்டாவது வரியைப் பற்றி நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். ஒரு அக்கா மனசு விட்டு எங்கள் தோழியிடம் அழுததை, ஆள் சேர்க்கிற வழியாக நான் குறித்து வைத்திருக்கிறேன். அவர் துன்பத்தைக் கேட்டது உண்மை. அதைக் குறித்து வைத்ததும் உண்மை. மக்களை நேசிக்கிறேன் என்று சொல்கிற ஒருவன் செய்யக்கூடிய காரியமா என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால், இதுதான் வேலைமுறை என்று சொல்லியிருப்பேன்.

அன்று ராத்திரி ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். நோட்டு தலைவர் மடியில் இருந்தது. அவர் திறக்கவில்லை. பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினார். குழுவின் கணக்கைப் பார்க்கிறவர் என்பதால் அவரை எல்லோரும் குழு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தீக. நல்லாத்தேன் சொல்லிக் குடுத்தீக, குறை சொல்ல மாட்டேன். எங்களைப் பத்தி நீங்க ஒரு கணக்கு எழுதி வச்சிருக்கீகளே, அதை ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

யாரோ நோட்டைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். குழு அக்கா தடுத்துவிட்டார். "வேணாம். அதுல இருக்கிறது அவுக அவுக வீட்டு விசயம். யார் பேர் இருக்கோ அவுக கையில குடுங்க." அப்படியே செய்தோம். எங்கள் தோழி உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கிழித்தார், நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முப்பது வீட்டுக்கு மேல். சிலர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். சிலர் அங்கேயே கிழித்தார்கள். குடிக்கிற கணவர் என்று எழுதியிருந்த வீட்டு அக்கா தாளை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் தலைவர் சொன்னார்: "சரி, இப்பச் சொல்லுங்க. நீங்க யாரு, எதுக்கு வந்திருக்கீக?" சொன்னோம். அமைப்பின் பெயர், கொள்கை, உண்டியல் குலுக்கிப் பணம் சேர்ப்பது, எங்கள் மேல் போலீஸ் கண் இருப்பது, எல்லாம். ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. ஐந்து மாதத்தில் அந்த ஊரில் நாங்கள் பேசிய முதல் அரசியல் பேச்சு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஊர் எடுத்த முடிவு: டியூஷன் நடக்கலாம், பையன்கள் ராத்திரி தங்கக் கூடாது, பொம்பளப் பிள்ளைகள் தங்கலாம், வேறு எந்த வேலை செய்வதானாலும் ஊரில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

எங்களில் மூன்று பேர் அதோடு போய்விட்டார்கள். மேல் கமிட்டி எங்கள் மேல் வால்பிடிவாதக் குற்றச்சாட்டு வைத்தது. மக்களை வழிநடத்தாமல் மக்கள் பின்னால் போகிறோம் என்று அர்த்தம். மீதி நான்கு பேர் ஊர் சொன்ன நிபந்தனையோடு தொடர்ந்தோம்.

இரண்டாவது நோட்டு

இரண்டு மாதம் டியூஷன் தவிர ஒன்றும் செய்யவில்லை. அந்த இரண்டு மாதத்தில் எங்கள் தோழிகள் இருவரும் பெண்களோடு வத்தையில் போனார்கள். ஒருவருக்கு வாந்தி, இன்னொருவருக்கு உள்ளங்கை கிழிந்து காய்ச்சல். பையன்களால் போக முடியாத இடம் அது. விடியற்காலையில் கரையில் பெண்கள் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் ஒரு ஆண் மாணவனுக்கு வேலையே இல்லை. இந்த மாதிரிக் களத்தில் பெண் தோழர்கள் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒருநாள் குழு அக்காதான் தோழியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். "நான் சொல்றேன், நீ எழுது. எடை எழுதணும்." அவருக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். வியாபாரி குட்டி யானையில் வந்து, அவர் தராசில் நிறுத்து, அப்புறம் மண்ணுக்கும் ஈரத்துக்கும் என்று கழிவு போட்டு எடுப்பார். எவ்வளவு போகிறது என்று யாரும் மொத்தமாக எழுதிப் பார்த்ததில்லை.

குழு அக்காவே கோடு போட்டார். ஐந்து பத்தி. வீட்டு எடை, வியாபாரி எடை, கழிவு, கையில் வந்த பணம், முன்பணத்தில் பிடித்தது. யார் பெயரை எழுதலாம் என்று முதலில் வீட்டுக்கு வீடு கேட்டார்கள். ஒன்பது பேர் சரி என்றார்கள். அந்த ஒன்பது பேருடையதை மட்டும் எழுதினோம். நோட்டு குழு அக்கா வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்பது பேரில் யார் கேட்டாலும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.

இரண்டு நீர், அதாவது நீர் வற்றிப் பாசி எடுக்கிற இரண்டு சுற்று, முடிந்தது. பாசி உலர்த்துகிற மத்தியான நேரத்தில், தார்ப்பாயைச் சுற்றி உட்கார்ந்து நோட்டை வாசித்தார்கள். முன்னால் நாங்கள் கூட்டம் போட்டதெல்லாம் ராத்திரியில். அதனால் இரண்டு வீட்டில் அடிதடி வரைக்கும் போயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. மத்தியானம் என்பது அவர்கள் மாற்றியது.

வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் தெரிந்தது. கழிவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஒரே நாள், ஒரே கரை, ஒரே மாதிரி காய்ந்த பாசி. ஒருவருக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ, இன்னொருவருக்கு நான்கு, இன்னொருவருக்கு ஐந்து. கணக்கு சொல்லித் தருகிற எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. குழு அக்கா கடைசிப் பத்தியையும் கழிவுப் பத்தியையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "முன்பணம் கூட வாங்குனவுகளுக்குக் கழிவு கூடப் போகுது."

ஒருத்தரும் பேசவில்லை. வியாபாரி கொடுக்கிற முன்பணத்துக்கு வட்டி கிடையாது, நல்ல மனுசன் என்றுதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. வட்டி கழிவில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சித்தி நோட்டை வாங்கி, தன் வரிசை எது என்று கேட்டு, அந்தக் கழிவுப் பத்தியில் மேலிருந்து கீழ் வரை ஆள்காட்டி விரலை வைத்து நகர்த்தினார். பாசிப் பாறையில் கிழிந்து ஆறின தழும்பு அந்த விரல் முழுக்க இருந்தது. பிறகு நோட்டை மடக்கிக் கொடுத்துவிட்டு, "நாலு வருசமா" என்று மட்டும் சொன்னார்.

சுரண்டல் என்ற சொல்லை நாங்கள் ஐந்து மாதம் கத்தியிருக்கிறோம். அன்றைக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேறு நாட்டு உதாரணம் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1960ல் கறுப்பின மாணவர்கள் தங்களுக்குப் பரிமாறாத உணவு விடுதிகளில் உட்கார்ந்து போராடி, ஒரு மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவைக் கட்டினார்கள். அதன் வேலையாக பாப் மோசஸ் என்ற இளம் ஆசிரியர் மிசிசிப்பிக்குப் போனார். அங்கே ஏம்சி மூர் என்ற உள்ளூர்க்காரர், எங்களுக்கு இங்கே வேண்டியது உணவு விடுதிப் போராட்டம் இல்லை, ஓட்டுரிமை என்று சொல்லிப் புரிய வைத்தார். மோசஸ் அதைக் கேட்டுக்கொண்டார். 1961ல் வாக்காளர் பதிவு வேலை தொடங்கியது. அடி உதை, கொலை எல்லாம் தாண்டி அது நின்றதற்குக் காரணம் கோரிக்கை அந்த மண்ணுக்காரர்களுடையது. எங்கள் ஊர் ஏம்சி மூரை நாங்கள் பின்தங்கியவர், பயன்பட மாட்டார் என்று எழுதி வைத்திருந்தோம். மகளிர் சுயஉதவிக் குழு என்றாலே உலக வங்கியின் ஏற்பாடு என்று துண்டறிக்கை போட்டவர்கள் நாங்கள். அந்தக் குழுவில் பத்து வருடம் பாஸ்புக் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் கழிவுக்குள் இருந்த வட்டி தெரிந்தது.

மணலில் போட்ட கோடு

அதோடு நின்றால் அது எடைப் பிரச்சினை மட்டும்தான். அரசியல் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே கேள்வியைத் தோழிகள் ஒவ்வொரு மத்தியானமும் கேட்டார்கள்: அதுக்கு மேல யாரு? வியாபாரிக்கு மேல யார்? மொத்த வியாபாரி. அவருக்கு மேல? ஆலை. ஆலையிலிருந்து எங்கே போகிறது? தெரியாத இடம் வந்ததும் அடுத்த நாளைக்குள் விசாரித்து வருவது எங்கள் வேலை. ஈர மணலில் விறகுக் குச்சியால் கோடு போட்டுக்கொண்டே போவார்கள். ஒரு பக்கம் முயல் தீவு, நடுவில் ஊர், அந்தப் பக்கம் மதுரை. ஒரு நாள் கோடு எதிர்ப்பக்கம் போனது. பாசி எங்கிருந்து வருது, தீவிலிருந்து, தீவு யாருது, 1986ல் பூங்கா என்று எழுதினவுக யாரைக் கேட்டு எழுதினாக? இதை நாங்கள் கேட்கவில்லை. குச்சி அப்போது அப்பத்தா கையில் இருந்தது.

துண்டறிக்கைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எளிமையான தமிழா கடினமான தமிழா என்பதில் இல்லை. துண்டறிக்கையில் பதில் எங்களிடம் இருந்தது, அவர்கள் ஒப்புக்கொள்வதுதான் பாக்கி. மணலில் பதில் யாரிடமும் இல்லை.

மறியல் வேண்டாம் என்றார்கள்

எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ராமேஸ்வரம் தேசிய நெடுஞ்சாலையில் மறியல் என்று திட்டம் போட்டு, அதைத் திறந்தே கூட்டத்தில் வைத்தோம். பெண்கள் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று கேட்டபோது ஒரு மதினி விளக்கினார்: "உங்க மேல கேஸ் போட்டா பேப்பர்ல போட்டோ வரும் தம்பி. எங்க மேல போட்டா, வீட்டு ஆம்பளைக்குக் கடலுக்குப் போற டோக்கனுக்கு இழுத்தடிப்பாக. சவுதிக்குப் பாஸ்போர்ட் குடுத்திருக்கிற பயலுக்குப் போலீஸ் ரிப்போர்ட் வராது." இந்தக் கரையில் அரைவாசி வீடு கடலையும் மீதி வீடு வெளிநாட்டுச் சம்பளத்தையும் நம்பி இருக்கிறது. ஒரு வழக்கின் விலை எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு வேறு. வால்பிடிவாதம் என்று மறுபடி பேச்சு வந்தது. விலை கொடுக்கப் போகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நாங்கள் பதில் எழுதினோம். அமைப்போடு எங்கள் உறவு அத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

அவர்கள் எடுத்த வழி வேறு. குழுச் சேமிப்பில் முத்திரை போட்ட தராசு ஒன்று வாங்கினார்கள். இந்தத் தராசில்தான் நிறுவை, மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு, முன்பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் அதே ஒரு கிலோ என்று வியாபாரியிடம் சொன்னார்கள். அவர் இரண்டு நீருக்கு வரவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். நெருக்கடியான ஐந்து வீட்டுக்குக் குழு கடன் கொடுத்தது. நான்கு பேர் அவருக்கே ரகசியமாக விற்றார்கள். அவர்களைக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். குழு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னு வித்திருக்கா. நாளைக்கு நம்ம கூட வருவா, இன்னைக்கு அசிங்கப்படுத்துனா வர மாட்டா." மூன்றாவது நீரில் வியாபாரி வந்தார். ஒன்றரைக் கிலோ கழிவில் பேசி முடித்தார்கள். அந்த நான்கு பேரும் அன்றைக்கு மூட்டையோடு தராசுக்கு வந்தார்கள்.

தீவுப் பிரச்சினை தீரவில்லை. 2014 அக்டோபர் 2 கிராம சபையில் பெண்களே எழுதிய தீர்மானம் நிறைவேறியது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க வேன் பிடித்து நாற்பது பேர் போனார்கள். ரசீது வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தீவில் கால் வைத்தால் குற்றம் என்பது அப்படியே இருக்கிறது. ஒரு ஊர் மட்டும் கேட்டு மாறுகிற விஷயம் இல்லை அது. பக்கத்து ஊர்களில் பரவர், கடையர், வலையர், மரைக்காயர் என்று பல சனம், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தலைமை. ஊருக்கு ஊர் தொடர்பு கட்டுகிற வேலையை நாங்கள் தொடங்கவே இல்லை. தொடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் டியூஷன் உடுப்போடு திரிந்துகொண்டிருந்தோம். அந்த ஐந்து மாதம் எங்களுக்கு மட்டும் நட்டமில்லை.

டிசம்பரில் கிளம்பினோம். நோட்டு எழுதுகிற வேலையை ஊர்ப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒருமுறை போனபோது நோட்டு அந்தப் பழைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் இருந்தது. கல்லூரி முடித்திருந்தாள். முதல் நோட்டை எங்கள் பையிலிருந்து எடுத்தவள் அவள்தான். கழிவு இப்போது எவ்வளவு ஓடுகிறது, கொஞ்சம் காட்டு பாப்பா என்று கேட்டேன். "குழுவுல கேட்டுட்டுத்தேன் காட்டுவேன் அண்ணே" என்றாள். மறுநாள் மத்தியானம் கேட்டுவிட்டு வந்து காட்டினாள். ஐந்து பத்தி ஆறாகியிருந்தது. புதுப் பத்திக்குத் தலைப்பு: "தீவுக்குப் போக விடாத நாள்". பக்கத்தில் இன்னும் இரண்டு ஊர்ப் பெண்களின் பெயர்கள் வேறு மையில் இருந்தன. அந்த ஊர்களிலும் இதே மாதிரி நோட்டுப் போட்டிருக்கிறார்கள், மூன்றையும் சேர்த்து வைத்து அடுத்த கிராம சபையில் வாசிக்கப் போகிறார்கள் என்று சொன்னாள்.